உவர் நிலத்துக் குதிரைகளின் தாகம்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் ஊருக்குள் வந்து மீண்டதன் மறுநாள், கல்முனையில் எங்கள் வீட்டு முற்றத்துக் கிணற்றிலிருந்து இறைத்த முதல் வாளித் தண்ணீரை, வயற்பக்கத்திலிருந்து தானாகவே வழி கண்டு திரும்பி வந்த எங்கள் பசுவின் முன் வைத்தபோது, அது மூக்கை நீரின் மேல் சிறிது நேரம் நிறுத்தி மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. கண்ணுக்கு அந்த நீர் தெளிவாகவே இருந்தது. "மாடு குடிக்காத தண்ணிய நாம எப்படி மகன் குடிக்கிற?" என்று சொல்லி, உம்மா வாளியை எடுத்துத் தென்னையடியில் கவிழ்த்துவிட்டார்.

வாயில்லாப் பிராணி தான் குடிக்கும் நீரைப் பற்றி எவ்வளவு நுட்பமாக அறிந்திருக்கிறது என்பதையும், கரையோரத்து மணலில் வாழும் நாம் நன்னீர் என்று நம்பியிருப்பது எவ்வளவு மெல்லிய ஒரு படலம் என்பதையும் அந்த ஒரு வாளி எனக்குக் காட்டிற்று. பல ஆண்டுகள் கழித்து, ஓர் ஆவணி மாதத்தில் நெடுந்தீவுக்குப் பிரயாணம் செய்து, அங்கே கற்றொட்டியொன்றின் அருகே தாகத்தோடு நின்ற குதிரைக் கூட்டத்தைக் கண்டபோது, முதலில் என் நினைவுக்கு வந்தது அந்த வாளியே.

யாழ்ப்பாணத்துத் தீவுகளுள் தொலைவிற் கிடப்பதாகிய நெடுந்தீவுக்குப் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையிலிருந்து படகேற வேண்டும். கடலின் நிலையைப் பொறுத்து ஒரு மணி நேரம் வரை செல்லும். ஏறக்குறைய 50 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள அத்தீவு முழுவதும் முருகைக்கல்லும் சுண்ணக்கல்லுமான தட்டை நிலம். அதன் மேல் மண் என்று சொல்லத்தக்கது பல இடங்களில் ஒரு சாண் ஆழமும் இல்லை. வேலிக்குக் கதியால் நடுவதற்குப் பதிலாக முருகைக்கற்களையே ஒன்றன்மேலொன்றாக அடுக்கி மதிலாக்கியிருக்கிறார்கள். போர்த்துக்கேயர் காலத்தில் கொண்டுவரப்பட்டு, ஒல்லாந்தர் காலத்தில் பெருக்கப்பட்டு, பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் இராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் சந்ததி, பட்டாளமும் லாயமும் போனபின், மேய்ப்பாரும் கட்டுவாரும் இன்றிக் காட்டுக் குதிரைகளாகி, இன்றும் பல நூறாக அங்கே திரிகிறது. பழைய லாயத்தின் கற்றூண்கள் மாத்திரம் வெயிலில் வரிசையாக நிற்கின்றன. 2015ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஆயினும் சோழகம் வீசும் மாதங்களில், குளங்களும் கேணிகளும் வற்றும் வரட்சியான ஆண்டுகளில், இக்குதிரைகள் நீரின்றி மடிவது பலமுறை நிகழ்ந்திருக்கிறது.

ஒரு குதிரைக்கு எவ்வளவு நீர் வேண்டும்? உடல் நிறையில் ஒவ்வொரு 100 கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 லீற்றர் என்பது சாதாரண கணக்கு. 450 அல்லது 500 கிலோ நிறையுள்ள ஒரு பெரிய குதிரைக்கு இது இருபத்தைந்து லீற்றரைத் தொடும். வெயிலும் உழைப்பும் சேர்ந்தால் இரட்டிக்கும். குட்டிக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு இன்னும் கூடும். நெடுந்தீவுக் குதிரைகள் உருவத்தில் மட்டமானவை, ஆதலால் அவற்றின் தேவை குறைவு. ஆனால் இந்தக் கணக்கில் மறைந்திருக்கும் கொடிய விஷயம் வேறு. மாரியில் தளிர்க்கும் பசும்புல்லில் நான்கில் மூன்று பங்கு நீரே. அதை நாள் முழுவதும் மேயும் குதிரை தொட்டியை நாடாமலே பல நாள் இருந்துவிடும். கோடையில் அதே புல் காய்ந்து சருகாகும்போது அதில் எஞ்சுவது பத்தில் ஒரு பங்கு நீர்கூட இருக்குமோ என்னவோ. ஆகவே குளம் வற்றும் அதே நாட்களில் தீனியிலிருந்து கிடைத்த நீரும் நின்றுபோகிறது. குடிக்கவேண்டிய அளவு ஏறும் காலமும் குடிக்க இல்லாத காலமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

குதிரையின் வயிற்றமைப்பை நோக்கினால் இதன் ஆபத்து விளங்கும். மாட்டைப்போல அசைபோடும் நான்கறை வயிறு அதற்கில்லை. அதன் இரைப்பை அவ்வளவு பெரிய தேகத்துக்குச் சிறியது. பதினைந்து லீற்றருக்குள் அடங்கும். புல்லின் நாரை நுண்ணுயிர்கள் சிதைத்துச் சத்தாக்கும் வேலை முழுவதும் பின்குடலில், அதாவது நூறு லீற்றருக்கு மேல் கொள்ளத்தக்க பெருங்குடலிலும் அதன் முற்பையிலும் நடக்கிறது. அந்தக் குடலே குதிரை சுமந்து திரியும் தண்ணீர்த் தொட்டியுமாகும். தாகக் காலத்தில் உடல் அதிலிருந்தே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. பெரிய குதிரையொன்று காய்ந்த தீனியை மெல்லும்போது நாளொன்றுக்கு 35 லீற்றருக்குக் குறையாத உமிழ்நீரைச் சுரக்கிறது. அதில் பெரும்பகுதி குடலிலிருந்து திரும்ப இரத்தத்தில் சேர்கிறது. இந்தச் சுழற்சிக்கு முதல் குறையும்போது குடலிலுள்ள சருகுக் கூழ் இறுகிக் களிமண் உருண்டையாகி, பெருங்குடல் மடங்கித் திரும்பும் இடுக்கமான இடத்தில் அடைத்துக்கொள்கிறது. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது; அதன் தொண்டையும் இரைப்பை வாயும் ஒருவழிக் கதவுகள். ஆகவே சூலை கண்ட குதிரை வயிற்றைத் திரும்பிப் பார்த்துப் பார்த்து, நிலத்தில் விழுந்து புரண்டு, வேதனையிலேயே மாண்டு போகும். தாகத்தால் இறந்தது என்று நாம் சொல்லும் குதிரைகளுள் சில உண்மையில் இப்படி வயிறு கட்டி இறந்தவையாக இருக்கக் கூடும்.

ஒட்டகமும் கழுதையும் இந்த விஷயத்தில் வேறு பிறவிகள். மன்னார் வீதிகளில் நாம் காணும் கழுதை, உடல் நிறையில் நூற்றுக்கு முப்பது பங்கு வரை நீரிழந்தும் உயிர் தாங்கி, நீரைக் கண்டதும் இழந்ததைச் சில நிமிடங்களிலேயே குடித்து ஈடுசெய்துவிடும் வல்லமையுடையது. அதன் உறவினனாகிய குதிரைக்கு நூற்றுக்குப் பத்துப் பங்கு குறைந்தாலே நிலைமை கடுமை. பதினைந்தை எட்டினால் பிழைப்பது அரிது. கழுத்துத் தோலை இரு விரலால் இழுத்து விட்டால் அது உடனே படியாமல் மடிப்பாகவே நிற்பதும், முரசை அழுத்திய இடத்தில் இரண்டு விநாடிக்குள் சிவப்பு ஊறாமலிருப்பதும் மிருக வைத்தியர் பார்க்கும் அடையாளங்கள்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு இந்த ஆராய்ச்சியில் மிகுந்த ஆச்சரியத்தைத் தந்த பகுதி. மனிதனின் வியர்வையில் உப்புக் குறைவு, நீரே மிகுதி. ஆகையால் வியர்க்க வியர்க்க இரத்தத்தில் உப்பின் செறிவு ஏறுகிறது. அந்த ஏற்றம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு ஆவதற்குள் மூளையின் அடியிலுள்ள உணர்கலங்கள் அதைக் கண்டுகொண்டு தாகத்தை எழுப்பிவிடுகின்றன. குதிரையின் வியர்வையோ லீற்றருக்குச் சுமார் 10 கிராம் உப்புக்களைக் கொண்டது. அதாவது இரத்தத்தின் செறிவுக்குச் சமமானது, அல்லது அதனினும் சற்று மிகுந்தது. வெப்பத்தில் கடுமையாக ஓடும் குதிரை மணிக்கு 10 முதல் 15 லீற்றர் வரை வியர்த்துத் தள்ளும். அதன் மேனியில் வெண்ணுரை கட்டுவது, வியர்வையிலுள்ள ஒருவகைப் புரதம் சவர்க்காரம்போல் நுரைப்பதனாலாகும். நீரும் உப்பும் ஒரே விகிதத்தில் போய்விடுவதால் எஞ்சிய இரத்தத்தின் செறிவு மாறுவதில்லை; செறிவு மாறாததால் மூளைக்குச் செய்தி போவதில்லை; செய்தி போகாததால், உடலின் நீர் பாதாளத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும்போதே, நிறைந்த தொட்டியின் முன் நிற்கும் குதிரை தனக்குத் தாகமில்லை என்று நின்றுவிடுகிறது! உழைத்து வந்த குதிரை குடிக்க மறுப்பதைப் பிடிவாதம் என்று எண்ணி அடிப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

பரிகாரமும் உப்பிலேயே இருக்கிறது. ஓடிக் களைத்த குதிரைக்கு முதலில் லீற்றருக்கு 9 கிராம் அளவில் உப்புக் கரைத்த நீரைக் கொடுத்துப் பின்னர் நன்னீரை வைத்தால், முதலிலேயே நன்னீர் பெற்ற குதிரையைவிட அது அதிகம் குடித்துத் தன் இழப்பை நன்றாக ஈடுசெய்கிறது என்பது பரிசோதனைகளிற் கண்ட உண்மை. வெறும் நீரைக் குடித்தால் இரத்தம் நீர்த்து, அரைகுறையாகக் குடித்த நிலையிலேயே தாகம் தணிந்துவிடுகிறது. போன உப்பு திரும்பி வந்தால்தான் தாகமும் திரும்பி வருகிறது. சூடேறிய குதிரைக்குத் தண்ணீர் காட்டலாகாது, காட்டினால் வயிறு கெடும், குளம்பு நோகும் என்று குதிரைக்காரர் பரம்பரையாகப் போற்றி வந்த விதியும் இப்போது நிலைகுலைந்துவிட்டது. 1996ஆம் ஆண்டு அத்திலாந்தா ஒலிம்பிக் போட்டிகளுக்காக, புழுக்கம் மிகுந்த வெப்பத்தில் குதிரைகள் படும் பாட்டைப் பற்றி நிகழ்த்தப்பட்ட ஆராய்ச்சிகள், ஓடி முடித்த குதிரையைக் குளிர்ந்த நீரால் தாராளமாக நனைப்பதும் அதற்குக் குடிக்கக் கொடுப்பதும் தீங்கல்ல, உபகாரமே என்பதை நிலைநாட்ட உதவின. எத்தனை தலைமுறைக் குதிரைகள் அந்த விதியின் பேரால் நுரை தள்ள நின்று தவித்திருக்கும் என்பதை நினைக்க மனம் பொறுக்கவில்லை.

அரபுக் கடலோடிகளின் வழித்தோன்றல்கள் என்று தம் குடிவழியைச் சொல்லிக்கொள்வோர் எங்கள் கரையோர ஊர்களில் பலர். அந்தக் கடலோடிகள் தமிழ்நாட்டுத் துறைகளில் இறக்கிய பண்டங்களுள் தலையாயது குதிரை. கடல் வழியே குதிரை வந்த செய்தி பட்டினப்பாலையிலேயே உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறையைக் கண்ட மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைப் பாண்டிய அரச குடும்பத்தார் பெருவிலை கொடுத்து வாங்கியதையும், ஆண்டு முடிவில் அவற்றுள் நூறுகூட மிஞ்சாததையும், அதற்குப் பராமரிக்கத் தெரிந்தவர் இல்லாமையே காரணம் என்பதையும் எழுதியிருக்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கு ஆண்டுக்குப் 10,000 குதிரைகள். கணக்குகள் மிகைபட்டிருக்கலாம். ஆனால் ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 20 லீற்றர் என்று சுருக்கமாக வைத்தாலும், ஒரு மாதக் கடற்பயணத்தில் ஐம்பது குதிரைகளுக்கு 30,000 லீற்றர் நன்னீர் வேண்டும். மரக்கலத்தில் சரக்கினும் பெரிய சரக்கு தண்ணீரே. அவ்வளவு பிரயத்தனத்தோடு கடல் கடத்திக் கொண்டுவந்த பிராணி, ஈரக் காற்றில் வியர்வை உலராமல், உப்பை இழந்துகொண்டே, பழக்கமில்லாத நெய்ச்சோறும் பாலும் தின்று நலிந்து போயிற்று என்றே நான் கருதுகிறேன்.

நெடுந்தீவுக்குத் திரும்புவோம். அங்கே நதி இல்லை, மலை இல்லை. புரட்டாதி கழிந்து வரும் வாடை மழையே நீரின் ஒரே மூலம். சுண்ணக்கல்லின் பிளவுகளூடே இறங்கும் அந்த மழைநீர், கீழே எங்கும் ஊடுருவியிருக்கும் கடல்நீரின் மேல், கனம் குறைந்ததாகையால், ஒரு வில்லைபோல் மிதந்து நிற்கிறது. கிபென், ஹெர்ஸ்பேர்க் என்னும் இரு அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே கண்ட விதி இது: கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றருக்கு அது கடல்நீரை அழுத்தி வைத்திருக்கும். கேட்க இனிமையான கணக்கு. ஆனால் அதைத் திருப்பிப் படிக்க வேண்டும். மேலே ஒரு சாண் நீரை இறைத்துவிட்டால் கீழே நாற்பது சாண் உப்பு மேலெழும். பெரிய மோட்டரை வைத்து ஒரே கிணற்றை உறிஞ்சும்போது, கிணற்றின் அடியில் கடல்நீர் கூம்பாக எழுந்து வந்து வாய் வைத்துவிடுகிறது.

கல்முனைக் கரையில் நாங்கள் அனுபவித்தும் இதைக் கற்றோம். கடல் வந்து போனபின், உப்பை வெளியேற்றும் நல்லெண்ணத்தோடு கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள். இறைத்த நீரைக் கிணற்றடியிலேயே விட, அது மணலினூடே திரும்பி இறங்கிற்று. இறைக்க இறைக்க அடியிலிருந்து வேறு உப்பு ஏறிற்று. கிழக்குக் கரைக் கிணறுகளை ஆராய்ந்த நீரியலாளர்கள், அளவுக்கு மிஞ்சி இறைக்காதீர்கள், மழை கழுவட்டும் என்று சொன்னார்கள். எங்கள் கிணறு இரண்டு மாரி கண்ட பிறகே பழைய ருசிக்கு வந்தது.

குதிரைக்கு ஏற்ற நீரின் உப்புக்கும் எல்லையுண்டு. லீற்றருக்கு 1,000 மில்லிகிராமுக்கு உட்பட்டால் நன்று. 3,000 வரை பழகிய பிராணி தாங்கும். 7,000ஐ நெருங்கினால் அது தாகத்தைத் தீர்க்கும் நீரல்ல, வளர்க்கும் நீர். கடலில் இருப்பது 35,000. நெடுந்தீவில் நான் கண்ட தொட்டி நீரைக் கையால் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன், சற்றே சவர். ஆனால் காலையில் 2,000 மில்லிகிராம் உப்போடு நிரப்பிய ஆழமற்ற தொட்டி, வெயிலும் சோழகக் காற்றும் பாதி நீரைக் கொண்டுபோனால் 4,000 ஆகிவிடுகிறது; நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதன்மேலே மீண்டும் மீண்டும் நீர் ஊற்றிக்கொண்டு போனால், கடைசியில் குதிரை வந்து முகர்வது, எங்கள் பசு திருப்பி விட்ட அந்த வாளியையே. ஆதலால் தொட்டி அகலத்தைவிட ஆழம் உள்ளதாயும், பனை நிழலிலோ கூரையின் கீழோ இருப்பதாயும், அடைப்பைத் திறந்து முற்றாகக் கழுவத்தக்கதாயும் அமைய வேண்டும். ஒரு பெருந்தொட்டியினும் பத்துச் சிறு தொட்டிகள் மேல். குதிரைகள் ஆண் குதிரையின் தலைமையில் சிறு கூட்டங்களாக வாழ்பவை. வலிய கூட்டம் நீரருகே நிற்கும்வரை எளியவை தூரத்தே காத்து நிற்கும், முதிய பெண் குதிரைகளும் குட்டியோடு வந்தவையுமே பின்தங்கும். அமெரிக்கப் பாலைநிலத்தில் காட்டுக் குதிரைகளும் கழுதைகளும் குளம்பால் மணலைத் தோண்டி ஊற்றுக் காண்பதையும், அந்த ஊற்றை ஐம்பதுக்கும் மேற்பட்ட பிராணி வகைகள் பயன்படுத்துவதையும் ஆராய்ச்சியாளர் 2021இல் வெளியிட்டார்கள். முருகைக்கல்லில் எந்தக் குளம்பும் அப்படித் தோண்ட முடியாது.

யாழ்ப்பாணத்துப் பழைய தெருக்களில், மடத்தின் அருகே கேணியும், கால்நடைக்குத் தண்ணீர்த்தொட்டியும், உடல் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும் ஒருசேர அமைத்திருந்ததை இன்றும் காணலாம். வழிப்போக்கனுக்கும் மாட்டுக்கும் ஒரே தர்மமாக நீர் வைத்தவர்கள் அவர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மத்ரஸாவிலேயே இரண்டு ஹதீஸ்களைக் கேட்டு வளர்கிறார்கள். கிணற்றில் இறங்கித் தன் பாதணியில் நீர் மொண்டு தாகித்த நாய்க்கு ஊட்டியவன் மன்னிப்புப் பெற்றது ஒன்று. பூனையை அடைத்துவைத்து, தானும் கொடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் கொன்ற பெண் தண்டனை பெற்றது மற்றொன்று. நெடுந்தீவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டாவதே முன்வந்து நிற்கிறது. அந்தக் குதிரைகளைச் சுற்றி நாலு புறமும் கடலை வேலியாக வைத்து இறக்கிவிட்டது மனிதனே.

அன்று மாலை, தொட்டியருகே ஒரு முதியவர் கயிற்றில் வாளி கட்டி இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தார். மயிர் சிலிர்த்த ஒரு கபில நிறப் பெண் குதிரை வந்து, உதடுகளைச் சேர்த்து, நடுவே சிறு இடைவெளி விட்டு நீரின் தோலுக்குச் சற்றுக் கீழே அமிழ்த்திற்று. நாயைப்போல நக்கவில்லை; சத்தமின்றி உறிஞ்சிற்று. ஒவ்வொரு மடக்குக்கும் கழுத்தின் அடிப்புறத்தில் ஓர் அலை தொண்டையிலிருந்து மார்பை நோக்கி ஓடுவதும், அதனோடு இரு காதுகளும் முன்னும் பின்னும் அசைவதும் தெளிவாகத் தெரிந்தன. காதசைவை வைத்து நான் இருபத்திரண்டு மடக்கு எண்ணினேன். பிறகு அது தலையைத் தூக்கித் தூரத்தே பார்த்தது. குடித்தாகிவிட்டது என்று எண்ணி நான் ஓரடி எடுத்து வைத்தேன்.

"பொறு தம்பி," என்றார் முதியவர். "தலையைத் தூக்கினாப்போல குடிச்சு முடிஞ்சுதெண்டு நினைக்கப்படாது. அது மூச்சு விடுது."

சொன்னபடியே அது மறுபடியும் தலையைத் தாழ்த்திற்று, இம்முறை பதினெட்டு. முதியவர் கயிற்றின் நனைந்த பகுதியை விரலால் அளந்து பார்த்து, "இந்தக் கிணறு இண்டைக்குக் காணும், ஊறட்டும்" என்று வாளியை எடுத்துக்கொண்டு மதிலுக்கு அப்பாலிருந்த மற்றக் கிணற்றை நோக்கி நடந்தார். தாய் விலகியதும், அதுவரை அதன் வயிற்றோரம் ஒண்டி நின்ற குட்டி முன்வந்து, நீரில் மூக்கை வைத்து ஊதிக் குமிழி எழுப்பி, திடுக்கிட்டுப் பின்வாங்கி, பின்பு தொட்டியின் நனைந்த கல் விளிம்பை உதட்டால் தடவிக்கொண்டு நின்றது.